வரும்

உச்சிக்கு இன்னும் மூன்று வளைவுகள். பாறையும் சேறுமான அந்தப் பாதையில் ஜீப் ஒரே மூச்சில் திரும்பாது. கொஞ்சம் பின்னால் எடுத்துத்தான் ஒடிக்க வேண்டும். மளிகைக்கடை தவசிக்கனி அண்ணாச்சி இறங்கிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி பொன்னுத்தாய் வண்டிக்குள்ளேயே இருந்தாள்.

“அண்ணாச்சி, பின்னால இடம் இருக்கா?” என்று கேட்டான் டிரைவர் சேவியர்.

சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண்கூடத் தேறாது. அண்ணாச்சி வாயைத் திறந்தார். முப்பது வருட வியாபாரத்தில் அவர் நாக்கு ‘இல்லை’ என்றதே கிடையாது. கடைக்கு ஆகாத சொல் அது. சீனி மூட்டை காலியாகிக் கிடந்தாலும் கேட்டு வந்தவரிடம் ‘வரும்’ என்றுதான் சொல்வார்.

“வரும்” என்றார்.

“வருமா? சரி.”

ஜீப் பின்னால் நகர்ந்தது. விளிம்பு உடைந்து கற்கள் சரிந்தன. விழுந்த சத்தமே கேட்கவில்லை. அண்ணாச்சியின் கைகள் வேண்டாமென்று ஆட, வாய் மட்டும் “வரும், வரும்” என்றது.

பொன்னுத்தாய் பின்னாலிருந்து டிரைவரின் காலரைப் பற்றினாள். “பிரேக்கப் பிடிலே. அந்த மனுசன் வரும்னா, இல்லன்னு அர்த்தம்.”

ஜீப் நின்றது. ஒரு பின்சக்கரத்துக்குக் கீழே மேகம் போய்க்கொண்டிருந்தது. இனி யார் முதலில் அசைவது என்று மூவருக்கும் தெரியவில்லை.