முழுப் பேர்

"இங்க தண்ணி எங்கங்க கிடைக்கும்?"

மூடுபனிக்குள்ளிருந்து ஓர் ஆள் வாசலுக்கு வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் மஞ்சள் பை. சுஜிதா மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"பாண்டிதானே?"

"ஆமாங்க, பாண்டிதான். உங்க பெரியப்பா வரச் சொன்னாரு."

காலையிலேயே அப்பா போனில் சொல்லியிருந்தார். 'மாப்பிள்ளைப் பையன் பாண்டி இன்னிக்கு மேல வர்றான். நீதான் போடிக்கு இறங்க மாட்டேங்குற. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காம நாலு வார்த்தை பேசு ஆத்தா.' போட்டோவும் அனுப்பியிருந்தார். சுஜிதா அதைத் திறக்கவே இல்லை. போட்டோவை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்பது பூச்சி ஆராய்ச்சியில் அவள் படித்த பாடம்.

செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவன் செம்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

"உட்காருங்க."

"வெரசா முடிச்சிட்டு இறங்கச் சொன்னாருங்க பெரியப்பா."

"வெரசா முடிக்கிற சோலியா இது?" என்று சிரித்தாள் சுஜிதா. அவனும் சிரித்துவைத்து, ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தான்.

போடிமெட்டுச் சரிவில் இருக்கும் பெரியப்பாவின் காப்பிக்காடு அது. ஏலக்காய் உலர்த்தும் பழைய ஸ்டோரில் ஓர் அறையைக் கெஞ்சி வாங்கி, குளவிகளோடு குடியிருந்தாள் சுஜிதா. குளவி என்றால் கொட்டுகிற குளவி இல்லை. எள்ளில் பாதிகூடத் தேறாது. காப்பி இலையில் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் செதில் பூச்சிக்குள் முட்டையிட்டு, அதை உள்ளிருந்தே தீர்த்துக்கட்டும். பெரியப்பாவின் கண்ணுக்கோ செதில் பூச்சி மட்டும்தான் தெரிந்தது. மருந்தடித்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். அடித்தால் குளவிகளும் போய்விடும், அவளுடைய இத்தனை வருட உழைப்பும் போய்விடும்.

"இதைப் பாருங்க" என்று ஓர் அட்டைப் பெட்டியைக் காட்டினாள்.

உள்ளே செதில் பூச்சி அப்பிய இலைகளும் இருட்டும். ஒரு பக்கம் ஓட்டை போட்டுக் கண்ணாடிக் குழாய் செருகியிருந்தது. பிறந்த குளவிகள் வெளிச்சத்தைத் தேடி, தூக்கத்தில் நடப்பதுபோல் ஒவ்வொன்றாக அந்தக் குழாய்க்குள் வந்துகொண்டிருந்தன. குழாயை மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தாள். கண்ணை வைத்தவன் எடுக்கவே இல்லை.

"ஆத்தாடி! இறகுல வானவில்லு ஓடுதுங்க!"

"முதுகுல மஞ்சப் பொட்டு இருக்கா? அது நம்ம ஆளு. பக்கத்துல, இறகெல்லாம் புள்ளி புள்ளியா ஒண்ணு நிக்குதா?"

"நிக்குது. ரெண்டும் அண்ணன் தம்பி கணக்கா இருக்கே."

"ஒரே குடும்பந்தான். ஒரே செதில் பூச்சியோட ஓட்டுக்குள்ள இருந்துதான் ரெண்டும் வருது. ஆனா அந்தப் புள்ளிக்காரன், நம்ம ஆளையே உள்ள தின்னுட்டு வர்ற கள்ளன். ஒண்ணு காப்பாத்த வந்தது, இன்னொண்ணு கெடுக்க வந்தது. குடும்பப் பேரை மட்டும் கேட்டு நம்பிறக் கூடாது. முழுப் பேரும் தெரியணும்."

"மாத்திச் சொல்லிற மாட்டீங்களா?"

"இதுவரைக்கும் ஒண்ணைக்கூட மாத்திச் சொன்னதில்ல." சொல்லும்போதே அவளுக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது.

பனி ஏறிக்கொண்டே வந்தது. முதலில் ஜீப் பாதை மறைந்தது, பிறகு காப்பிச்செடிகள், பிறகு வாசல்படி. சுவரில் ஊறிய ஏலக்காய் வாசமும் அவர்கள் இரண்டு பேரும் மட்டும் மேகத்துக்குள் மிதந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது. அவள் பேசிக்கொண்டே போனாள். அவன் நடுநடுவே "அப்புறம்?" என்று மட்டும் கேட்டான். போன மாதம் வந்த மாப்பிள்ளை பூச்சி என்றதுமே முகத்தைச் சுளித்தவன். இவன் குழாயைக் கீழே வைக்க மனசில்லாமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தான். மறைப்பானேன், சுஜிதாவுக்கு அவனை ரொம்பவே பிடித்துவிட்டது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்" என்றாள். "இந்தக் காட்டுல மருந்து விழக் கூடாது. அதுக்கு நீங்க சம்மதிச்சா எனக்கும் சம்மதம்."

அவன் முகம் மாறியது. "இதை என்கிட்டயா கேக்குறீங்க?"

"வேற யார்கிட்ட கேக்க?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, பனியில் தெரியாத செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரியப்பா வைவாருங்க."

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"அப்ப சரிங்க. என் கையால விழாது. சத்தியம்."

சுஜிதாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அப்பாவுக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுக்கும்போதே, அது அடித்தது. அப்பாதான்.

"ஆத்தா, கோவிச்சுக்காத. மாப்பிள்ளை வந்த ஜீப்பு முந்தல் தாண்டி வளைவுல நின்னுபோச்சாம். மெக்கானிக் வந்து பார்க்கணும். அவரு மேல வர மத்தியானம் ஆயிரும்."

போனை வைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"நீங்க... எந்தப் பாண்டி?"

அவன் குழாயைப் பதனமாக மேசையில் வைத்துவிட்டு, மஞ்சள் பையோடு எழுந்தான்.

"தங்கபாண்டிங்க. மாப்பிள்ளை வர்ற நாள்ல நீங்க கவனிக்க மாட்டீங்க, வெரசா அடிச்சு முடிச்சிட்டு இறங்கிருன்னு பெரியப்பா சொல்லிவிட்டாரு. டிரம்மு ஜீப்புலயே இருக்கு, அப்படியே திருப்பிக் கொண்டு போயிர்றேன்... நான் தண்ணி கேட்டது மருந்து கலக்கத்தாங்க."