பூசைக்கு மறுநாள்

மூன்றாவது தடவையும் கம்பெனி பெயரோடு கம்ப்யூட்டர் திரை அப்படியே நின்றுவிட்டது. உள்ளேயிருந்து விடாமல் பீப், பீப் என்று சத்தம்.

சபாபதி காட்டிய சூடம் தட்டில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஆயுத பூசைக்கு மறுநாள் காலை. சிதம்பரம் மேலவீதியில் அவருடைய டி.டி.பி. கடை. விஜயதசமியின் முதல் வேலையாக இசைவாணியின் கம்ப்யூட்டரைத்தான் போட்டார்கள்.

“நல்ல நாளும் அதுவுமா,” என்றார் சபாபதி.

மணவாளன் சாரின் ஆய்வேடு அதற்குள்தான் இருந்தது. நாலு மாதமாக இசைவாணி அடித்த இருநூற்றுப் பத்துப் பக்கம். வேறெங்கும் பிரதி இல்லை. நாளை மறுநாள் அவர் அதைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும்.

“நான்தான் சார். நேத்து பூசைக்கு நேரமாச்சேன்னு சுவிட்ச அப்டியே ஆஃப் பண்ணிட்டேன்.” இசைவாணிக்குக் குரல் உடைந்தது.

பக்கத்து நாற்காலியில் சிந்துஜா தலை குனிந்திருந்தாள். காலையிலிருந்தே இசைவாணியின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

தீபாவளிக்கு மேல் இரண்டு பேரில் ஒரு ஆள் போதும் என்று போன வாரம்தான் சபாபதி சொல்லியிருந்தார். பி.எஸ்சி. முடித்து வீட்டில் கிடந்த சிந்துஜாவை இங்கே கூட்டிவந்து சேர்த்ததும், பக்கத்தில் உட்காரவைத்துத் தமிழ் டைப்பிங் சொல்லித்தந்ததும் இசைவாணி.

கடலூர் மெக்கானிக் லூர்துசாமி போனில் வழி சொன்னார். ராம் என்கிற மெமரிச் சில்லைக் கழற்றி அழிரப்பரால் தேய்க்கச் சொன்னார். தேய்த்தார்கள். வயர்களையெல்லாம் பிடுங்கிச் செருகச் சொன்னார். செருகினார்கள்.

பீப், பீப்.

“அப்ப ஹார்ட் டிஸ்க்குதான். உள்ள இருந்தது போனது போனதுதான் சார்.”

இசைவாணி துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

சிந்துஜாவால் அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

“நான் பாக்கட்டா சார்?”

கீபோர்டை மடியில் வைத்து என்டர் விசையை நெம்பினாள். அடியில் சந்தனம், கல்லாகக் காய்ந்திருந்தது. யாரோ விசையை அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் கம்ப்யூட்டர் நகராமல் நின்றிருக்கிறது.

சுரண்டித் துடைத்துப் போட்டாள். ஒரே நிமிடம். மணவாளன் சாரின் இருநூற்றுப் பத்துப் பக்கமும் அப்படியே இருந்தன.

“படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்யா!” சபாபதி மேசையைத் தட்டினார். “சிந்துஜா, தீபாவளிக்கு மேல நீயே கடைய பாத்துக்கம்மா.”

அப்படியென்றால் இசைவாணிக்குத் தீபாவளி வரைதான் வேலை.

இசைவாணி மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “கீபோர்டுக்குப் பொட்டு வெக்கச் சொன்னா கொழம்பு மாதிரி ஊத்துவியாடி? போவுது. நீ மட்டும் பாக்கலன்னா மணவாளன் சார் மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?”

சொல்லிவிட்டு சிந்துஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

பொட்டு வழிந்து உள்ளே போகவில்லை. முந்தின நாள் பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்க எல்லோரும் வாசலுக்குப் போன நேரத்தில், சிந்துஜா தலையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள். இசைவாணியின் கீபோர்டில் என்டர் விசையைக் கிளப்பி, சந்தனத்தை அடியில் தள்ளி, மேலே அழுத்தினாள்.

சீக்கிரம் காயட்டும் என்று ஊதியும் விட்டாள்.