பிராண்டுக்கு ஒரு முகம்

யோகேஸ்வரி இன்னொரு முறுக்கை ஒடித்து வாயில் போட்டாள். எண்ணெய் காறவில்லை. உப்பு சரி, ஓமம் சரி. பிறகு ஏன் காலையிலிருந்து ஒவ்வொருவராக ஆர்டரை வேண்டாம் என்கிறார்கள்?

தீபாவளிக்கு ஒரு வாரம்கூட இல்லை. மெர்கோங்கில் அந்தச் சின்ன வீட்டின் ஹால் முழுக்க முறுக்கு டின்கள். டெலிவரிக்குக் கொண்டுபோன டின்களைக் கணவன் மனோகரன் காடியின் பின்சீட்டிலிருந்து திரும்ப இறக்கிக்கொண்டிருந்தான்.

"கிளினிக்லயும் வேணாம்னுட்டாங்க. ஏன்னு கேட்டா தோளத் தட்டிக் குடுத்துட்டு உள்ள போயிட்டாங்க."

"எல்லாம் அந்தக் காளிதாசன் பேச்சக் கேட்டதுதான்" என்று பல்லைக் கடித்தாள் யோகேஸ்வரி.

காளிதாசன் கோலாலம்பூரிலிருந்து வந்த மார்க்கெட்டிங் ஆலோசகன். போன வருஷம் வரைக்கும் இவள் வெறும் டின்னில் அடைத்துப் பெயர்கூட ஒட்டாமல் விற்றாள், அத்தனையும் தீர்ந்தது. அது பொறுக்குமா அவனுக்கு? "சிஸ், ஜனங்க முறுக்கு வாங்குறதில்ல லா. கதைய வாங்குறாங்க. உங்க பிராண்டுக்கு ஒரு முகம் வேணும்" என்று ஆரம்பித்தான்.

முகத்துக்கு எங்கே போவது? முறுக்கின் பக்குவம் மாமியார் பிரேமாவதியுடையது. ஆகவே மாமியார் முகத்தையே போட்டுவிடலாம் என்று முடிவானது. அவர் பாலிங்கில் மகள் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது என்பதால், கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தாள்.

காளிதாசனிடம் வேலை செய்யும் சீனப் பெண் ஒருத்தி லேபிளை வரைந்தாள். டின்னுக்குக் கம்பீரமான கறுப்பு, அதில் தங்க எழுத்து, நடுவில் சிரிக்கும் மாமியார், சுற்றிலும் மல்லிகைப் பூ வேலைப்பாடு, தீபாவளி ஆயிற்றே என்று கீழே ஒரு விளக்கு. "பார்த்தாலே விலை ஏத்தலாம் சிஸ்" என்றான் காளிதாசன். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த அவசரத்தில் யோகேஸ்வரியும் போனில் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரி என்றாள். நேற்று அந்தப் படத்தை முகநூலில் ஏற்றினாள். இன்று விடிந்ததிலிருந்து இந்தக் கூத்து.

வாசலில் லோகேஸ்வரி அக்கா வந்து நின்றார். சேலைக்கடைக்காரர். வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க ஆண்டுதோறும் மொத்தமாக வாங்குகிறவர். அவரைப் பார்த்ததும் யோகேஸ்வரிக்குப் பாதி உயிர் திரும்பியது.

"வாங்கக்கா, உக்காருங்க. புது டின்னு பாத்தீங்களா? ஒரு முறுக்கு சாப்பிட்டுப் பாருங்க."

"வேணாம்மா." அக்கா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். "இந்த வருஷம் எனக்கு வேற எடத்துல சொல்லிட்டேன். தப்பா நினைக்காத."

"என்ன கொறைன்னு சொல்லுங்கக்கா. காரமா? வெலையா? திருத்திக்கிறேன்."

"இதுல நீ திருத்த என்னம்மா இருக்கு? ஆண்டவன் பாத்து செய்யிறது. மனச விட்றாத." அக்காவின் கண் கலங்கிவிட்டது. வந்தால் ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறவர், அன்று போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் விறுவிறுவென்று காடியில் ஏறிவிட்டார்.

யோகேஸ்வரி எடுத்த முறுக்கைத் திரும்ப டின்னில் போட்டு மூடினாள். வியாபாரம் படுத்துவிட்டால் மனிதர்களுக்கு முகம்கூடவா கொடுக்கத் தோன்றாது?

போன் சிணுங்கியது. பழைய தொழிற்சாலை சூப்பர்வைசர் பரஞ்சோதியின் செய்தி. 'நைட் ஷிப்ட் லீடர் இடம் காலி. வரியா, இல்லையா? இப்பவே சொல்லு. வெளிய ஆள் நிக்குது.'

அந்த வேலையை அவள் சும்மா விடவில்லை. மகள் ஒருநாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியை 'அம்மா' என்று கூப்பிட்டாள். அதைக் காதால் கேட்ட அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பிள்ளை பக்கத்தில் படுத்துத் தூங்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்த முறுக்கும், பிராண்டும், எல்லாமும்.

"போகாத லா. இன்னும் ரெண்டு நாள் பாப்போம்" என்றான் மனோகரன்.

"யாருக்கு விக்கிறது? சொல்லுங்க, யாருக்கு?"

அவள் 'வரேன்' என்று தட்டி அனுப்பினாள். 'திங்கக்கிழம ராத்திரி வந்துரு' என்று உடனே பதில் வந்தது. பிள்ளை இனி மறுபடியும் பக்கத்து வீட்டில்தான் தூங்கும். டின்கள்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு யோகேஸ்வரி வாய்விட்டு அழுதாள்.

அப்போது வெளியே "முருகா!" என்று ஓர் அலறல். எதிர்வீட்டுப் பெண் துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கேட்டைத் திறந்துகொண்டு, பையும் கையுமாக, மூச்சிரைக்க வந்தார் மாமியார் பிரேமாவதி.

"அம்மா! நாளன்னிக்குத்தான வரேன்னீங்க?" என்று ஓடினான் மனோகரன்.

அவர் பையைக் கீழே வைத்தார். ஒரு டின்னை எடுத்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, தன் படத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா யோகேசு, நான் எப்ப செத்தேன்?"