அண்ணனுக்கு முதல் ஊசி

"வேண்டாம்! பக்கத்துல வராதீங்க!"

ரத்தம் எடுக்கும் பெண் ஊசியின் மூடியைக்கூட இன்னும் கழற்றவில்லை. அதற்குள் தம்பி நாற்காலியோடு சேர்ந்து சுவர்வரை நகர்ந்துவிட்டார். அந்த நாற்காலி முனகிய முனகல் தெருமுனை வரை கேட்டது. ஆள் அப்படி. இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நின்றுகொண்டுதான் பேச வேண்டும்.

அண்ணன் நேர்மாறு. வாசலை மறித்துக்கொண்டு நின்றாலும் வீட்டுக்குள் வெயில் வரும்.

"மானத்தை வாங்காதேடா," என்றார் அண்ணன். "கண்ணாடி கையைக் கிழிச்சு ரத்தம் கொட்டும்போது பாட்டுப் பாடிக்கிட்டே துணி சுத்துற ஆளு நீ. இந்த ஊசிக்கா நடுங்குறே?"

"கண்ணாடி நமக்குப் பழகின பொருள்ணே. இது யாரு எவருன்னே தெரியாது."

அண்ணனும் தம்பியும் சேர்ந்து கண்ணாடி வெட்டும் கடை வைத்திருக்கிறார்கள். ஜன்னலோ மேஜையோ, அளவு சொன்னால் போதும், வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். தம்பியைக் கொலஸ்ட்ரால் பார்த்துக்கொண்டு வரும்படி டாக்டர் சொல்லியிருந்தார். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று தம்பி அழாத குறையாகக் கெஞ்சியதில் அண்ணனும் அண்ணியும் துணைக்கு வந்திருந்தார்கள்.

"வெறும் வயித்துல வந்தீங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"அவனைக் கேக்காதீங்கம்மா, என்னைக் கேளுங்க!" அண்ணன் பொங்கினார். "டெஸ்ட் அவனுக்கு, பட்டினி எனக்கு! நான் சாப்பிட்டா அவனுக்கு வாசனை அடிக்குதாம். காலையில தட்டைப் பிடுங்கி ஒளிச்சு வச்சுட்டான்."

"அதான் பட்டினியா வந்தாச்சே, நீங்களும் ஒருதடவை பாத்துக்குங்களேன்," என்றாள் அண்ணி. "மாமா போன வயசு உங்களுக்கும் வந்தாச்சு. செருப்பை மாட்டிக்கிட்டு இருந்த மனுஷன் அப்படியே சாஞ்சாரே, மறந்துபோச்சா?"

"அப்பாவும் என்னை மாதிரி ஒல்லிதான். அவருக்கு எங்கேருந்து கொழுப்பு வரும்? கொழுப்பு எங்கே இருக்குன்னு இங்கே பாரு!"

தம்பியின் வயிற்றில் தட்டினார். மத்தளம் போலச் சத்தம் வந்தது. காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார்.

"சரிண்ணே, ஒண்ணு பண்ணு. கடைக்கு எந்தக் கண்ணாடி வந்தாலும் முதல் கோடு நீதானே போடுவே? அப்புறம்தானே நான் கை வைப்பேன்? இங்கேயும் முதல் குத்து நீ வாங்கிக்கோ. நீ தாங்கிட்டா நானும் கையை நீட்டுறேன்."

"எனக்கெதுக்குடா?"

"அப்ப நான் கெளம்பறேன்."

தம்பி எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது.

"உட்காருடா கோழை!" அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டினார். "எடுங்கம்மா. எங்க வீட்டுல ஒரு ஆம்பளையாவது இருக்கான்னு இவன் பாக்கட்டும்."

"எடுத்த ரத்தத்தைச் சும்மா கொட்ட மாட்டோம் சார். அதையும் பாத்துடுவோம், சரியா?"

"தாராளமா பாருங்க. நல்ல ரத்தம்னா எப்படி இருக்கும்னு உங்களுக்கும் தெரியட்டும்!"

அண்ணன் சிரித்த முகம் மாறாமல் குத்து வாங்கினார். அடுத்து தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு போட்ட கூச்சலில், மாடியில் பல் பிடுங்க வந்திருந்தவர் தன் வலியை மறந்துவிட்டு, 'கீழே யாருக்கு என்ன ஆச்சு?' என்று இறங்கி வந்து விசாரித்தார்.

மறுநாள் டாக்டர் இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தம்பிக்கு இப்ப எல்லாம் அளவா இருக்கு. அண்ணனுக்குத்தான் கெட்ட கொலஸ்ட்ரால் எக்கச்சக்கம்."

"மாறிப்போச்சு டாக்டர்! அது இவன் ரத்தம். எங்க ரெண்டு பேரையும் ஒருதடவை நல்லாப் பாருங்க!"

"பாத்துட்டேன். கொலஸ்ட்ரால் ஒல்லி குண்டெல்லாம் பாக்காது சார். அது உடம்புக்கு வேணும். பெரும்பாலும் கல்லீரலே தயார் பண்ணிக்குது. மிஞ்சினதை ரத்தத்துலேருந்து விலக்கணும். சில குடும்பத்துல அது பரம்பரையாவே சரியா நடக்காது. மிச்சமெல்லாம் ரத்தக்குழாயோட உள்சுவர்ல படியும். வலிக்காது, வீங்காது. அடைச்சுக்கற அன்னிக்குத்தான் தெரியும். உங்க அப்பாவுக்கும் இதுவே இருந்திருக்கலாம்."

அண்ணி சட்டென்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனின் குரல் அவர் உடம்பைவிட ஒல்லியாகிவிட்டது.

"அப்ப எனக்கு..."

"நல்ல நேரத்துல பாத்துட்டோம். மாத்திரையை நிறுத்தாம சாப்பிடுங்க, தினமும் நடங்க, பொரிச்சதைக் குறைங்க. இன்னும் நிறையக் கண்ணாடி வெட்டலாம்."

சில மாதங்கள் கழித்து அண்ணன் மறுபரிசோதனைக்குத் தனியாகவே வந்துபோனார். முடிவு வாங்க வந்த அன்று அதே பெண்தான் இருந்தாள்.

"பாதியா குறைஞ்சிருக்கு சார்!"

அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

"எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம்மா. அன்னிக்கு அந்தப் பயந்தாங்கொள்ளிக்குத் துணைக்கு வரப்போய் என் உயிர் தப்பிச்சுது. இன்னிக்கு அவனைக் கூட்டிட்டு வரலை. உங்க நாற்காலியும் பிழைச்சுது!"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"யாரு, அவரா பயந்தாங்கொள்ளி? பக்கத்து அறைக்கு வருஷம் தவறாம ரத்ததானம் பண்ண வர்றவர் சார் அவர்! அப்படி வந்தப்பதான் அவருக்கும் கொலஸ்ட்ரால் அதிகமா இருக்கறது தெரிஞ்சு மாத்திரை ஆரம்பிச்சாங்க. கூடப் பொறந்தவங்களையும் கூட்டிட்டு வாங்கன்னு டாக்டர் சொன்னார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நானும் அதைத்தான் கேட்டேன் சார். 'சொன்னா அண்ணன் வரமாட்டார். என்னைப் பாத்துச் சிரிக்கலாம்னா ஓடி வந்துடுவார்'னு சொன்னார்."