பன்னிரண்டு மணி இல்லாத ஞாயிறு

"ஞாயித்துக்கிழமைக்காரர் மறுபடியும் வந்துட்டார். புகாரை மூடிடட்டுமா?" என்றான் டெர்லிஸ்.

எங்கள் தரவுத்தள சர்வரில் பிழை கண்டவர்கள் எழுதிப் போடும் பட்டியல் அவன் திரையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே எலேனோ பிரிதெஸ் என்ற பெயர். தெற்கே ஒரு சின்ன ஊரின் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா. மூன்று வருடத்தில் இது பதினோராவது முறை.

எப்போதும் அதே வரிகள். 'இறந்த நாளை 2016 அக்டோபர் 2, ஞாயிறு என்று பதிகிறேன். அக்டோபர் 1, சனி என்று காட்டுகிறது. தயவுசெய்து பாருங்கள்.'

பிழை என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

பராகுவேயில் அக்டோபர் முதல் ஞாயிறு பிறக்கும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறோம். பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு நேராக ஒரு மணி. சர்வரோ எந்தத் தேதியையும் அந்த நாளின் நள்ளிரவு பன்னிரண்டு மணியாகத்தான் வைத்துக்கொள்ளும். அன்றைக்குப் பன்னிரண்டு மணியே கிடையாது. தேடிப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அங்கே சனிக்கிழமை.

"வருஷத்துல ஒரே ஒரு நாள், நிடியா. இதுக்காகத் தேதிக் கணக்குல கை வெச்சா வேற எதாவது புட்டுக்கும். சாயங்காலம் புதுப் பதிப்பை வெளியிடணும். வேணும்னா அடுத்த பதிப்புல, பிப்ரவரில பாத்துக்கலாம்."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பதினொரு 'தயவுசெய்து' என்னை உறுத்தியது. ஒரு தடவைகூட அந்த மனிதர் கோபப்பட்டு எழுதியதில்லை.

எல்லோரும் சாப்பிடக் கீழே இறங்கியபோது நான் போகவில்லை. ஐஸ் போட்ட தெரெரே மூலிகைத் தேநீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாற்ற வேண்டியிருந்தது நான்கு வரிதான். அந்த நான்கு வரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது. நடுவில் பழைய சோதனை நிரல் ஒன்று உடைந்தது. அதையும் சரிசெய்தேன்.

திருத்திய சோதனைப் பிரதியை எலேனோவுக்கு அனுப்பிவிட்டு, அவர் புகாரில் இருந்த எண்ணுக்கு போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்து மேசையில் டெர்லிஸ் சீப்பா ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அந்தத் தேதியை இப்ப அடிச்சுப் பாருங்க, தோன் எலேனோ," என்றேன் மரியாதையாக.

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒற்றை விரலால் தட்டுகிறவர்.

"ஞாயிறுன்னு வருதும்மா," என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எந்த வருஷத்து அக்டோபர் முதல் ஞாயித்துக்கிழமையை எடுத்தாலும் இந்தப் பிழை வந்திருக்கும். நீங்க ஏன் எப்பவும் 2016-ஐயே அனுப்புனீங்க?"

"எங்க பொண்ணு பொறந்தது சனிக்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்கு," என்றார். ஏதோ விண்ணப்பத்தைப் படிப்பதுபோல நிதானமாகச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை நல்லா விடிஞ்சதுக்கு அப்புறம்தான் போனா. ராத்திரி பூரா என் சம்சாரம்தான் மடியில வெச்சிருந்தா. காலைல ஜன்னல் வெயில் பிள்ளை முகத்துல விழுந்துச்சு. கண்ணைச் சுருக்கினாளாம்."

நான் தெரெரேயைத் தள்ளி வைத்தேன்.

"சான்றிதழ்ல வந்ததும் போனதும் ஒரே நாள். நானே அடிச்சு, நானே முத்திரை போட்ட காகிதம். அப்ப அந்த விடியக்காலை எங்கேன்னு என் சம்சாரம் கேட்டா. இன்னைக்கு வரைக்கும் அதைக் கையால தொடல."

வெளியே பஸ் ஒன்று நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இது எங்க ஆபீசுக்கு எப்பம்மா வரும்?"

நான் டெர்லிஸைப் பார்த்தேன். அவன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போன் பக்கம் குனிந்தான்.

"இன்னைக்குச் சாயங்காலமே வந்துடும், தோன் எலேனோ."