நாகலக்ஷ்மியின் மேஜர்

ஆபீஸுக்குக் கிளம்பிய பரமேச்வரன் கண்ணில், மனைவி நாகலக்ஷ்மி ஒளித்து வைத்திருந்த சீட்டு பட்டது. மேஜர், ஃப்ளாட், கீ, பார் என்று எழுதியிருந்தாள். மத்தியானங்களில் அவள் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கோ போகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது அவன் நெஞ்சில் குத்தியது.

“யாருடி அந்த மேஜர்? எந்த ஃப்ளாட்டுக்குக் கீ?”

“இங்கிலீஷ் சங்கீதப் பரீட்சைக்கு வேண்டிய வார்த்தைகள் அதெல்லாம். ஸ்வரத்துக்கும் தாளத்துக்கும் அவா வெச்ச பேர். தாதர்லே ஒரு டீச்சர்கிட்டே கத்துக்கறேன். பாஸ் பண்ணினா கான்வென்ட்லே வயலின் சொல்லித்தர வேலை கிடைக்கும்.”

“நீ எதுக்கு வேலைக்குப் போகணும்? நான் சம்பாதிக்கலையா?”

நாகலக்ஷ்மி குரலைத் தாழ்த்தினாள். “யுத்தம் முடிஞ்சதும் உங்களை ஆபீஸ்லேருந்து நிறுத்திட்டாளே. ஒரு மாசமா கிங்ஸ் சர்க்கிள் பார்க்கிலே உட்கார்ந்துண்டு டிபன் சாப்பிடறேளே. போற வழியிலே தினம் பாக்கறேனே.”

பரமேச்வரன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.