தொப்பிக்குள் இரண்டு சீட்டு

பள்ளி நூலகத்து மேசைமேல் ஒரு தொப்பி. அதன் விளிம்பில் காலை வெயில். பள்ளி வாரியத் தேர்தலில் லோர்னாவுக்கும் வெண்டலுக்கும் ஆளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. வெண்டல் வந்தால் இந்தப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார். ஓட்டு சமமானதால், இருவர் பெயரையும் எழுதிப் போட்ட தொப்பியைத் தேர்தல் எழுத்தர் குலுக்குகிறார். உள்ளே சீட்டுகள் சரசரக்கின்றன.

"ஒரே ஒரு ஓட்டு! எந்தப் பாவி வீட்டுலயே கெடந்தானோ," என்று பல்லைக் கடிக்கிறான் லோர்னாவின் கணவன் ஆர்விட். தன் பெயருக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்வதை இந்த ஊரில் யாரும் நாகரிகமாக நினைப்பதில்லை. லோர்னா வெண்டலுக்குத்தான் போட்டிருந்தாள்.

"மொதல்ல வர்ற பேருதான் ஜெயிச்ச மாதிரி. யாரு எடுக்கறீங்க?" என்கிறார் எழுத்தர்.

லோர்னா தொப்பியை நோக்கிக் கையை நீட்டுகிறாள், எதிரே நிற்கும் வெண்டலைப் பார்த்ததும் இழுத்துக்கொள்கிறாள்.

"நீங்களே எடுங்க, வெண்டல்," என்கிறாள், விட்டுக்கொடுத்தே பழகிய தோஷத்தில்.